கூரை மேல் குதிரை

அமெரிக்காவில் 'பாப்-அப் கேம்ப்பர்' என்றொரு வஸ்து உண்டு. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற பெட்டி. ரோட்டில் பார்த்தால் சமையல் கான்ட்ராக்டர் அண்டா குண்டா ஏற்றிப் போகிற டிரெய்லர் மாதிரி தேமேயென்று இருக்கும். உயரம் நாலடி, ஐந்தடி. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். உள்ளே இரும்பு வடம், கப்பி, நாலு மூலையிலும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய கால்கள். கிணற்று ராட்டினத்தில் வாளி ஏறுகிற மாதிரி, சுற்றச் சுற்ற மேல் மூடி மட்டும் நாலு காலில் எழும்பும். அப்புறம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கட்டில்களை மேஜை டிராயர் மாதிரி இழுத்துவிட்டால் சுற்றிலும் கான்வாஸ் விரிந்து... அரை மணியில் வீடு! நாலைந்து பேர் தாராளமாகப் படுக்கலாம். அடுப்பு உண்டு, ஸிங்க் உண்டு, கொசுவலை உண்டு. வீட்டு வரி கிடையாது.

நம் தாத்தாக்கள் கூண்டு வண்டி பூட்டிக்கொண்டு மாரியம்மன் பண்டிகைக்குப் போனார்களே, அதேதான். மாட்டுக்குப் பதில் டொயோட்டா. அமெரிக்கர்களுக்கும் இதில் பரம்பரை பாத்யதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டிலேயே பென்ஸில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் 'கானஸ்டோகா' என்று கான்வாஸ் கூண்டு போட்ட பெரிய பெரிய வண்டிகளைக் கட்டி, குதிரை பூட்டிச் சரக்கு ஏற்றிப் போனவர்கள். (குதிரையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு ஒரு குதிரை வருகிறது.)

இந்த நடமாடும் வீட்டில் சுவர் என்பது துணி. தரை என்பது பலகை. வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது கூரை ஒன்றுதான். அதில் விரிசல் விட்டால் அப்புறம் அது வீடு இல்லை, சக்கரம் வைத்த ஷாமியானா.

என் மாப்ளேயிடம், அதாவது என் சகதர்மிணியின் தம்பியிடம், அப்படி ஒரு ஷாமியானா இருந்தது.

* * *

மாப்ளே இருப்பது நியூஜெர்ஸியில், எடிசனில். கம்ப்யூட்டர் உத்தியோகம், ஹெச்-1பி விசா, ஒரு மனைவி, ஆறு வயதில் ஒரு பையன். 2022 ஆகஸ்டில் ஒரு வயசான அமெரிக்கத் தம்பதியிடமிருந்து 2,200 டாலருக்கு இருபது வருஷப் பழைய கேம்ப்பர் ஒன்றை வாங்கினான்.

"அந்தப் பாட்டி கண் கலங்கிட்டாங்க மச்சான். பேரன் பேத்தியெல்லாம் இதுலதான் வளர்ந்தாங்களாம்" என்று போனில் உருகினான்.

பாட்டி எதற்குக் கலங்கினார் என்பது அடுத்த ஏப்ரலில் தெரிந்தது. குளிர்காலம் பூரா வண்டியை ஒரு காலி மனையில் மாசம் 60 டாலர் வாடகைக்கு நிறுத்தியிருந்தான். போய்க் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பியது. கூடவே ஒரு நாற்றமும் எழும்பியது. மெத்தையெல்லாம் பூஞ்சக்காளான். அண்ணாந்து பார்த்தால் உள்கூரையில் டீ கொட்டின மாதிரி பழுப்புக் கறை. வெளியே ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், காற்றோட்டத்துக்காகக் கூரை நடுவில் வெட்டிய சதுர ஓட்டை இருக்கிறதே, அதன் நாலு மூலையிலிருந்தும் காக்காய் கால் மாதிரி விரிசல்கள்.

தாத்தா கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூரை என்றால் தகடு இல்லை, மரம் இல்லை. பிளாஸ்டிக். ஏ.பி.எஸ். என்று ஜாதி. அக்ரிலோநைட்ரைல், ப்யூட்டாடையீன், ஸ்டைரீன் என்று மூன்று பார்ட்னர்கள் சேர்ந்து நடத்துகிற கூட்டு வியாபாரம். 1963-லிருந்து லெகோ கட்டைகள் செய்வது இதில்தான். முதல் பார்ட்னர் உறுதிக்கு, மூன்றாமவர் பளபளப்புக்கு. நடு பார்ட்னர் ரப்பர் ஜாதி. அடி விழுந்தால் உடையாமல் வாங்கிக்கொள்வது அவர் பொறுப்பு. பிரச்னை என்னவென்றால் அவருக்கு வெயில் ஆகாது. வருஷக்கணக்காகப் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு ஒருநாள் அவர் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மிச்சமிருக்கிற இரண்டு பேரை வைத்துக்கொண்டு நீங்கள் அப்பளம்தான் நொறுக்கலாம்.

இன்னொரு வியாதி, சூட்டில் நீள்வது. 12 அடிக் கூரை. ஜனவரி ராத்திரியில் மைனஸ் 10 டிகிரி. ஜூலை மத்தியான வெயிலில் அதன் மேல்தோல் 50 டிகிரியைத் தொடும். அந்த 60 டிகிரி வித்தியாசத்துக்கு இந்தப் பிளாஸ்டிக் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீள ஆசைப்படும். ஓரத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற அலுமினியச் சட்டம் அரை சென்டிமீட்டர்தான் நீளும். ஒருத்தர் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகணும் என்கிறார், இன்னொருத்தர் கூடாது என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்க்ரூவின் கதி, கல்யாணமான வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாப்ளே ஒரு கடையில் விசாரித்தான். புதுக் கூரைக்கு 6,000 டாலர், வந்து சேர ஆறு மாசம் என்றார்கள். 2,200 டாலர் வண்டிக்கு 6,000 டாலர் கூரை! எந்தச் செலவு வருவாய்ச் செலவு, எந்தச் செலவு மூலதனச் செலவு என்று பி.காம். முதல் வருஷத்திலேயே பிரிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இது இரண்டிலும் அடங்காது. 'தண்டச் செலவு' என்று புதுசாக ஒரு தலைப்பு போட்டு எழுத வேண்டும்.

"வித்துடறேன் மச்சான்" என்றான் மாப்ளே.

விற்பதற்குக் காரணம் கூரை மட்டும் இல்லை. 2023-ன் ஆரம்பத்தில் அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஹெச்-1பி-காரனுக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லை வேறு விசா. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மாப்ளேயின் கம்பெனியிலும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஸீட் காலியாகிக்கொண்டிருந்தது. வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வீடு திரும்பும்போது அவன் மனைவி முதலில் பார்ப்பது அவன் முகத்தை இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதா என்பதை. அப்படிப்பட்ட நேரத்தில் 2,000 டாலர் என்பது ஒரு மாச வாடகையில் பெரிய பங்கு.

* * *

நானும் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தது 2023 ஜூனில். (டிக்கெட் மாப்ளே உபயம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு எந்தப் பத்திரிகையும் நியூயார்க் வரை சன்மானம் தருவதில்லை.) மாமனாரும் மாமியாரும் ஒரு மாசம் முன்பே வந்து, அமெரிக்கக் குழாய்த் தண்ணீரைப் பற்றித் தீர்மானமான அபிப்பிராயங்களுக்கு வந்திருந்தார்கள்.

வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தான். மாப்ளேயின் ஆபீசிலேயே புதுசாக வந்து சேர்ந்த பையன். திண்டுக்கல் பக்கம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், கைக்குழந்தை. நயாகராவை ஹோட்டல் வாடகை கொடுக்காமல் பார்த்துவிட வேண்டும் என்கிற நியாயமான லட்சியம் கொண்டவன். மாப்ளேயை 'அண்ணா' என்று கூப்பிடுவான். விமான நிலையத்திலிருந்து அவனை அழைத்து வந்ததே இவன்தான்.

சனிக்கிழமை காலை மாப்ளே கடையிலிருந்து இரண்டு சாமான்களோடு வந்தான். நாலு அங்குல அகலத்தில் வெள்ளை டேப் ஒரு ரோல். ஒரு டின் வெள்ளை பெயின்ட். டேப்பை விரிசல் மேல் ஒட்டி, அதற்கு மேல் ஒரு கோட்டிங் கொடுத்தால் கூரை புது மாப்பிள்ளை வேட்டி மாதிரி ஆகிவிடும். "ஒரு மழை தாங்கும் மச்சான்" என்றான். ரெண்டாவது மழையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பையனிடமிருந்து போன். மாப்ளே ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நாளைக்கு வந்து பணம் குடுத்துட்டு எடுத்துக்கறேன். ரூஃபெல்லாம் நல்லாத்தானே அண்ணா இருக்கு? நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா நான் வேற செக் பண்ணப் போறதில்லை."

இந்த இடத்தில்தான், சார், எனக்குக் குதிரை ஞாபகம் வந்தது.

பி.காம். படித்தவன் எதை மறந்தாலும் அந்தக் குதிரையை மறக்க முடியாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவு. ஏ என்பவர் ஒரு குதிரையை பி-க்கு ஏலத்தில் விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை. அது ஏ-க்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும். சரி, அதே பி வேறு யாரோ இல்லை, இப்போதுதான் மேஜரான ஏ-யின் மகள் என்றால்? அப்போது உறவு குறுக்கே வருகிறது. ஏ சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாவது கேஸ்தான் முக்கியம். பி கேட்கிறார்: 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.' ஏ பேசாமல் இருக்கிறார். அங்கே மௌனம் பேச்சுக்குச் சமம். மாட்டினார் ஏ.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியடில், பாதித் தூக்கத்தில் கேட்ட பாடம். அந்த மூன்றாவது குதிரை எடிசன் நகரத்தில் ஸ்பீக்கர் போனில் கனைக்கும் என்று யார் கண்டது? இதில் டேப் ஒட்டிப் பெயின்ட் அடிப்பது வேறு தனி ரகம். தெரிந்தே மூடி மறைத்தால் அதே பிரிவில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. நம் ஊர்ச் சட்டம் நியூஜெர்ஸியில் செல்லாது என்பது உண்மை. குதிரை செல்லுமா செல்லாதா என்பதுதான் கேள்வி.

மாப்ளே மூன்று விநாடி பேசவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாக அல்ல, விருந்தோடு வந்த மாப்பிள்ளையாக இருக்கிறவன் இப்படிப்பட்ட நேரத்தில் ஜன்னலைத்தான் பார்க்க முடியும்.

"நேர்ல வாப்பா, பேசிக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிரவில்லை.

"அந்தப் பையன் என்னடா கேட்டான்?"

"ரூஃப் நல்லாருக்கான்னு கேட்டான்ப்பா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதத்தான் கேக்கறேன்."

* * *

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் 34 வருஷம் வேலை பார்த்தவர். கரூரில் கட்டின பாடிக்குள் ஒருமுறையாவது உட்காராத தமிழனைக் கண்டுபிடிப்பது சிரமம். அவர் செக்ஷன் 'டாப்பு', அதாவது பஸ்ஸின் கூரை. தகடு போட்டு ரிவெட் அடித்து, இணைப்பெல்லாம் பூசி முடித்த பிறகு மேலே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். இவர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு சொட்டு விழுந்தால் வண்டி வெளியே போகாது. 34 வருஷம் அண்ணாந்தே பார்த்த கழுத்து. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிடுவார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் இரண்டு மாசமாகக் கூரை விஷயத்தை மறைத்து வைத்திருந்தான் மகன்.

"காட்டுறா அதெ" என்றார்.

வண்டி அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு குஜராத்திப் பெரியவர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. மாமனார் ஏணியில் ஏறினார். தட்டிப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். (அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போனால் உள்ளே இருக்கிற மரச்சட்டம் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு அப்புறம் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். நல்லவேளை, ஒரு சாண் இடம் தவிர மற்றதெல்லாம் கெட்டியாக இருந்தது.) கீழே இறங்கி என்னிடம் சொன்னார்: "சதுரமா வெட்டி வெச்சிருக்கானுங்க மாப்ளே. மூலைய வளைச்சு வெட்டோணும். பஸ்ஸுக்கு சன்னல் மூலையக் கூட நாங்க வளைச்சுத்தான் விடுவோம்."

அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் 'காமெட்' என்கிற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து நடுவானில் பிளந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. முதல் விமானத்தின் சிதறல்களைக் கடலிலிருந்து பொறுக்கி எடுத்து, பெரிய பெரிய விஞ்ஞானிகள் மாசக்கணக்கில் உட்கார்ந்து பார்த்ததில், விரிசல் புறப்பட்ட இடம் தெரிந்தது. ஆன்டெனாவுக்காகக் கூரையில் வெட்டிய ஜன்னலின் மூலை!

மூலைக்கும் விரிசலுக்கும் என்ன சம்பந்தம்? ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள். கடைப்பையன் துணியை அளந்துவிட்டு ஓரத்தில் கத்தரியால் ஒரு 'நறுக்', அப்புறம் இரண்டு கையாலும் ஒரு 'சர்ர்ர்'. அந்த நறுக் இல்லாமல் கிழிக்கச் சொல்லுங்கள், பையன் திணறுவான். இழுக்கிற பலமெல்லாம் அந்தக் கூர்முனையில் போய்க் குவிகிறது. எவ்வளவு கூரோ அவ்வளவு குவியும் என்று 1913-லேயே இங்கிலிஸ் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படியென்றால் விரிசலை நிறுத்த வழி? முனையை மழுங்கடி. விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக உருண்டையாக ஒரு ஓட்டை போடு. ஓடி வந்த விரிசல் ஓட்டையில் விழுந்து, அடுத்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும்.

ஓட்டையை அடைக்கப் போன இடத்தில் இன்னும் பத்து ஓட்டை போடுகிறார்களே என்று குஜராத்திப் பெரியவர் கவலைப்பட்டார். அது பிற்பாடு. முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே? கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டி இன்னும் அரை அங்குலம் மயிரிழையாக ஓடியிருக்கும். அதற்கு இந்தப் பக்கம் ஓட்டை போட்டால் பிரயோஜனமில்லை. பட்டறைகளில் இதற்கென்று சாயம் வைத்திருப்பார்கள். மாமனார் மாமியாரின் மசாலா டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். ஈரோட்டு மஞ்சள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு ஸ்பூன் கரைத்துக் கூரை மேல் தடவி, பத்து நிமிஷம் விட்டு, துணியால் துடைத்தார். மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது. விரிசலுக்குள் இறங்கின மஞ்சள் மட்டும் நின்றது.

வெள்ளைக் கூரையில் பளிச்சென்று பதினோரு கோடு. மாப்ளே ஐந்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"இப்படியே இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பையன் வந்து பாக்கட்டும்" என்றார் மாமனார். டேப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்தான். வேலை முடிஞ்சப்புறம் ஓரத்துக்கு ஒட்டலாம்."

* * *

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். மனைவி, குழந்தை சகிதம். மாப்ளே ஒன்றும் பேசாமல் ஏணியைச் சாத்திக் கொடுத்தான். பையன் மேலே போய் எட்டிப் பார்த்தான். கொஞ்சநேரம் மேலேயே நின்றான்.

"என்னண்ணா இது, யாரோ மஞ்சக் காப்பு போட்ட மாதிரி?"

"விரிசல். பதினொண்ணு இருக்கு. நேத்துப் போன்ல சொல்லியிருக்கணும்" என்றான் மாப்ளே. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், குழந்தையைப் பார்த்துச் சொன்னான்.

வியாபாரம் அத்தோடு முடிந்தது. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மாப்ளேயின் மனைவி சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மாசக் கடைசிக் கணக்குப் பார்க்கிறவள் அவள். உண்மை பேசுவதற்கு ஆகிற செலவு எப்போதும் வீட்டுக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அடுத்த இரண்டு வாரம் ராத்திரியும் சனி ஞாயிறும் வேலை. எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன். உங்களிடம் கேம்ப்பர் இல்லாவிட்டாலும் உடைந்த பிளாஸ்டிக் ஏதாவது இருக்கும்.

கூரையை உயர்த்தினதும் முதல் காரியமாக நாலு மூலைக்கும் மரக்கட்டை முட்டுக்கொடுத்தார் மாமனார். வடத்தை மட்டும் நம்பி அடியில் நிற்கக் கூடாது. இருபது வருஷ வடம் எப்போது அறுந்து கூரை தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. அதேபோல மேலே ஏறி நிற்கவும் கூடாது. வேலையெல்லாம் ஏணியிலிருந்துதான். அப்புறம் சோப்புத் தண்ணீர், உப்புத்தாள், ஸ்பிரிட் துடைப்பு. மஞ்சள் முனைகளில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை. டிரில் ஆழமாக இறங்காமலிருக்க அதன் கழுத்தில் ஒரு டேப் சுற்றி அளவு வைத்தார். பிறகு ஒவ்வொரு விரிசலையும் 'வி' வடிவத்தில் லேசாகச் செதுக்கினார்.

அடைப்பது எதை வைத்து? சிலிக்கான் வேண்டாம் என்பதில் கடைக்காரர் முதல் குஜராத்திப் பெரியவர் வரை ஒரே கட்சி. அது காய்ந்த இடத்தில் அப்புறம் வேறு எதுவும் ஒட்டாது. ஏ.பி.எஸ்.-க்கு ஏ.பி.எஸ்.தான் சரி. அதைக் கரைக்கிற திரவம் அஸிட்டோன். நகப்பூச்சு அழிக்கிற பல பாட்டில்களில் இருப்பது அதுதான். பிளாஸ்டிக் துண்டுகளை அதில் ஊறப்போட்டால் ஒரு ராத்திரியில் இட்லி மாவு மாதிரிக் குழைந்துவிடும். விரிசலில் தடவினால் அஸிட்டோன் ஆவியாகிப் போக, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு கலந்து கெட்டியாகும். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, சட்டென்று பற்றும்.

வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது மாப்ளேயின் பையன் உள்ளே போய்த் தன் லெகோ டப்பாவைத் தூக்கி வந்தான். வெள்ளைக் கட்டைகளாகப் பொறுக்கி எண்ணிக் கொடுத்தான். எழுபத்து மூன்று. "இது கோட்டையோட சுவர், தாத்தா. கதவை மட்டும் நான் வெச்சுக்கறேன்" என்றான். வேறு பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் அம்மா சொன்னாள். மாமனார் கேட்கவில்லை. முறைப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு இடத்தில் காரியம் கெட இருந்தது. மாப்ளே அவசரத்தில் அஸிட்டோன் மாவை நீர்க்கக் கரைத்து ஒரு பெரிய விரிசலில் ஊற்றப் போனான். மாமனார் கையைப் பிடித்துவிட்டார். "உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?" உள்ளே, இரண்டு தோலுக்கும் நடுவில் அடைத்திருந்தது தெர்மாகோல். 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிட்டுப் பார்த்தோமே, அதே சரக்கு. டி.வி. பெட்டியிலிருந்து ஒரு துண்டு தெர்மாகோல் எடுத்து அஸிட்டோன் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். 'புஸ்' என்றது. ஆளைக் காணோம். வைகையில் காற்று அடித்தாவது கரை ஒதுங்கியது; இங்கே அதுவும் இல்லை. பட்டறையில் இந்த வித்தையைக் கற்றவர்கள் பலர் ஒரு முழுக் கூரையைக் காவு கொடுத்துக் கற்றிருப்பார்கள். ஆகவே மாவு கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிசாகத் தடவி, காய விட்டு, மறுநாள் இன்னொரு மெல்லிசு. நடுவில் கண்ணாடி நாரிழைத் துணி ஒரு பட்டை. நாலு நாளில் விரிசல்கள் மேடிட்டன. உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, கூரை முழுக்க இழுவை கொடுக்கிற பாலியூரிதேன் பூச்சு இரண்டு கோட். வெள்ளை நிறம், வெயில் தாங்குகிற ரகம். இறுகிப்போகிற பூச்சு உதவாது. நீளத் துடிக்கிறவரை நீளவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மொத்தச் செலவு 310 டாலர். லெகோ நீங்கலாக.

இரண்டாவது சனிக்கிழமை ஏணி மேல் நின்று உப்புத்தாள் தேய்த்தது யார் தெரியுமா? திண்டுக்கல் பையன். "சும்மாதான் இருந்தேன் அண்ணா" என்று வந்தான்.

நடுவில் ஒருநாள் பூச்சு காய்வதற்காக ஃபிலடெல்ஃபியா போனோம், சுதந்திர மணியைப் பார்க்க. 1752-ல் லண்டன் ஒயிட்சேப்பலில் வார்த்து வந்து, முதல் தட்டிலேயே விரிசல் விட்டு, உள்ளூரில் 1753-ல் இரண்டு தடவை உருக்கி வார்த்த மணி. படத்தில் பார்த்திருப்பீர்கள், அரை அங்குல அகலத்துக்கு 'ஆ'வென்று ஒரு பிளவு. கூட்டம் பூரா அந்தப் பிளவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மாமனார் பத்து நிமிஷம் குனிந்து பார்த்தார்.

"இது வெடிப்பு இல்லீங்க மாப்ளே. யாரோ அராவியிருக்கான்."

பக்கத்திலிருந்த விவரப் பலகையைப் படித்துப் பார்த்தேன். நிஜம்தான். அந்த அகலப் பிளவு விரிசல் அல்ல, ரிப்பேர். 1846 பிப்ரவரியில் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடிப்பதற்காக, மெல்லிசாக இருந்த விரிசலின் இரண்டு உதடும் உரசிக்கொள்ளாமலிருக்க வேண்டுமென்றே அராவி அகலப்படுத்தினார்கள். அடித்தார்கள். அந்த ரிப்பேர் முடிந்த இடத்திலிருந்து இன்னொரு மயிரிழை மேலே ஏறியது. அதோடு மணி வாய் மூடிவிட்டது.

"மேல முனையில சரியா நிறுத்தாம விட்டுட்டான்" என்றார் மாமனார், சக தொழிலாளியைப் பற்றிச் சொல்கிற வருத்தத்தோடு.

* * *

ஜூலையில் எல்லோருமாகப் பென்ஸில்வேனியாவில் ஹிக்கரி ரன் என்கிற காட்டுக்குப் போனோம். பனியுகக் காலத்திலிருந்து கல்லாகக் குவிந்து கிடக்கிற பெரிய மைதானம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு செடி கிடையாது, வெறும் பாறை. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம கரட்டுல இல்லாத கல்லா?" என்றார்.

ராத்திரி ஒரு மணிக்கு மழை பிடித்தது. கரூர்க்காரர்கள் வருஷம் பூராவும் பார்க்கிற மழையை ஒரே மணியில் கொட்டுகிற மாதிரி மழை. கண் விழித்தால், மாமனார் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் டார்ச். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். திண்டுக்கல் குடும்பம் பக்கத்தில் சொந்தக் கூடாரத்தில் நனைந்துபோய், குழந்தையோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆக, நாலைந்து பேர் படுக்கிற வண்டியில் பத்துப் பேர்.

இரண்டரை மணிக்கு என் கால்மாட்டில் ஈரம். "தண்ணி!" என்றேன். மாமனார் எழுந்தார். டார்ச் கூரை பூராவும் மெதுவாகப் போய் வந்தது. அப்புறம் கீழே இறங்கி, ஜன்னல் கான்வாஸில் நின்றது. ஜிப் பாதி திறந்திருந்தது.

"அது டாப்பு இல்லீங்க. சைடு" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை எந்த மகன் கல்யாணத்திலும் கேட்டதில்லை. ஜிப்பை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

மாப்ளேக்கு அந்த வருஷம் வேலை போகவில்லை. 2024 மார்ச்சில் போனது. 47-ஆவது நாள் வேறு வேலை கிடைத்தது. நடுவில் கை இறுகியபோது கேம்ப்பரை விற்றான், ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு, 1,700 டாலருக்கு. மஞ்சள் கோடு போட்ட போட்டோக்களையும் சேர்த்து அவர்களிடம் கொடுத்தான். அவர்கள் அந்த மஞ்சள் என்னவென்று கேட்டு, பேர் எழுதி வாங்கிக்கொண்டு போனார்களாம்.

மாமனார் இப்போது கரூரில் இருக்கிறார். டிசம்பர், ஜனவரியில் மகனிடமிருந்து போன் வந்தால் வேலை எப்படி, பேரன் எப்படி எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கிற நேரத்தில் கேட்பார்:

"அந்த வெள்ளக்காரங்க மேல விழுகிற பனியத் தட்டி விடறாங்களாமா?"